ஏலக் குரலோடு கொரில்லாக் காட்டுக்கு

பாலக்கோடு தக்காளி மண்டியில் பதினெட்டு வருடமாக ஏலம் விடுகிறேன். விலை விழுந்து மண்டி படுத்துக்கிடந்த போன ஜூனில், உகாண்டாவின் புவிண்டி காட்டுக்கு மலைக் கொரில்லா பார்க்கப் போனேன். ஏன் என்று கேட்டால், ஆசை. அதற்கு மேல் காரணம் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

"குரங்கு பாக்க ஆப்பிரிக்காவா? ஒகேனக்கல்லுக்குப் போனா கையில இருக்கற பொரியவே புடுங்கிட்டுப் போவும்!" என்றார் அண்ணன்.

"அது உங்களப் பாக்க வருதுங்கண்ணா. நான் பாக்கப் போறது வேற" என்றேன்.

அவர் மகள் கவிதா தருமபுரியில் நர்ஸ், ஆங்கிலம் நன்றாகப் பேசுவாள். அவளும் தன் சேமிப்பை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பியதில் அண்ணனுக்குக் கோபம்.

பெங்களூரு விமான நிலையத்துக்குக் காரில் நான்கு மணி நேரம். அடிஸ் அபாபாவில் விமானம் மாறி எண்டெபே. அங்கிருந்து ஜீப்பில் பத்து மணி நேரம். கடைசி மண்சாலையில் இடுப்பு கழன்றுவிட்டது. காட்டு அனுமதி மட்டும் ஆளுக்கு 800 டாலர்.

மறுநாள் காலை 7:30 மணிக்குக் காட்டு வாசலில் இருக்கும் வனத்துறை அலுவலகத்தில் விதிகளைச் சொன்னார்கள், கவிதா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். சளி, இருமல் இருந்தால் காட்டுக்குள் போகக் கூடாது. நம் சளி கொரில்லாவின் உயிரை எடுத்துவிடுமாம். நியாயம்தான். "குட்டி இருக்குமா?" என்று ஆசையாக ஒரு கேள்வி கேட்டேன். வனக்காவலர் முகம் மாறிவிட்டது. உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, இங்கேயே இருங்கள் என்றார்.

கத்திக் கத்தித் தகரத்தை இழுத்த மாதிரி ஆகிவிட்ட குரல் இது. சளியால் வந்ததல்ல.

"நீங்க பேசாதீங்க அத்தை, பேசப் பேசத்தான் அவங்களுக்குச் சந்தேகம் வருது" என்றாள் கவிதா.

"பேசாம இருந்தா நோயாளின்னே முடிவு பண்ணிடுவாங்க. காச்சல் பாக்கச் சொல்லு, தொண்டையப் பாக்கச் சொல்லு. நோவு இருந்தா நானே திரும்பிப் போறேன். இல்லாத நோவுக்குப் போவ மாட்டேன்."

காய்ச்சல் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தார்கள், தொண்டையில் புண்ணும் இல்லை. அப்போதும் அவர் யோசித்துக்கொண்டே நின்றார். சரி, மண்டியையே காட்டிவிடுவோம் என்று முற்றத்தில் இறங்கிக் கையைத் தூக்கினேன்.

"பெட்டி முந்நூறு... முந்நூத்திப் பத்து... முந்நூத்தி இருவது... கேக்கறவங்க கேளுங்க!"

நிறுத்தாமல் ஒரு லோடு விற்று முடித்தேன். ஒரு செருமல்கூட வரவில்லை. பை தூக்க வந்தவர்களில் ஒருவர் ஏலம் கேட்பதுபோல் கை உயர்த்தினார். கவிதா என் வேலையை விளக்கிச் சொன்னதும் வனக்காவலரே சிரித்துவிட்டார். முகக்கவசத்தைக் கழற்றவே கூடாது என்றார். கழற்றவில்லை.

மூன்று மணி நேரம் சேறும் காஞ்சொறியுமாக ஏறினோம். 11:40க்கு, முதுகு நரைத்த ஆண் கொரில்லா ஒன்று பத்து மீட்டரில் உட்கார்ந்து தழை மென்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு குட்டி. எனக்கு அழுகை வந்துவிட்டது. வாழ்நாளில் அந்த ஒரு மணி நேரம்தான் நான் வாயே திறக்கவில்லை என்று கவிதா இன்றும் சொல்கிறாள்.

போகிறவர்களுக்கு: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பத்து நாள் முன்பே போட்டுவிடுங்கள். காஞ்சொறி பட்டால் சுணைக்கும், தோட்டக் கையுறை எடுத்துக்கொள்ளுங்கள். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், எறும்பு ஏறும். பை தூக்க ஆள் வையுங்கள், இருபது டாலர். நிஜமாகவே சளி என்றால் மறைக்காமல் திரும்பிவிடுங்கள்.

என் குரலைச் சரிசெய்ய ஆளாளுக்கு வைத்தியம் சொல்கிறார்கள். வேண்டாங்க. இந்தக் குரல் சம்பாதித்த காசில்தான் அவ்வளவு தூரம் போனேன். வாசலில் நிறுத்தியபோது இதே குரல்தான் என்னை உள்ளே கூட்டிப்போனது.