மணி அடிப்பதற்குள் முதல் வரி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடித்து அடுக்கும் அந்தப் பெண்ணுக்குப் பேச்சென்றால் சுற்றுவழிதான். கடல் கடந்து வெல்டிங் வேலைக்குப் போன கணவர் மதிய இடைவேளையில் கூப்பிடுவார். குழாய் ஒழுகுவதில் தொடங்கி, நாத்தனாரின் மூட்டுவலி வழியாக, மாடிவீட்டுக்காரரின் சிடுசிடுப்பு வரை போவாள். நெஞ்சில் கிடப்பது நாவுக்கு வருகையில் அங்கே ஆலைமணி அடித்துவிடும். பிரிவைப் பொறுத்து ஆற்றியிருப்பதும் அவளுக்கு ஒரு வேலையாகிவிட்டது.

அவரிடம் போய்ச் சேர ஆங்கிலத் தேர்வொன்றில் தேற வேண்டும். பத்தி எழுதும் பகுதியில் இருமுறை கோட்டைவிட்டாள். மாலை வகுப்பு டீச்சர், அவளைவிட இளையவள், பயிற்சித் தாளை வாங்கிப் பார்த்தாள். வெளிநாடு செல்ல விரும்புவது ஏன் என்பது தலைப்பு. ‘ஃபர்ஸ்ட்’ என்று அந்நாட்டுச் சாலைகள். ‘செகண்ட்’ என்று குளிர். ‘ஃபைனலி’க்குப் பின் வெறுந்தாள். நேரம் முடிந்திருந்தது.

“இங்க யாரு வரணும்க்கா?” வெறுந்தாளைத் தொட்டுக் கேட்டாள்.

“அவருதான் டீச்சர். சலவை வண்டியில அடுக்குறப்ப அவசரத்துக்கு வேண்டிய விரிப்பக் கடைசியாத்தான வைப்போம்? அப்பதான் மேல இருக்கும், கைக்கு மொதல்ல வரும்.”

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். “தாள மேலேருந்துதான் படிப்பாங்க! மொத வரியிலயே அவரக் கொண்டாந்து நிறுத்துங்க. அப்புறம் காரணத்த ஒண்ணொண்ணா அடுக்குங்க. நேரம் போனா ஒரு காரணம்தான் போகும், உங்க வீட்டுக்காரரு போகமாட்டாரு.”

“எடுத்த எடுப்புலயேவா? வெக்கமா இருக்காதா?”

“தாளுக்கு என்னக்கா வெக்கம்?”

மறுநாள் அவருடைய மதிய இடைவேளை நேரத்தில் அவள் வீட்டில் தொலைபேசி ஒலித்தது.

“சொல்லும்மா. குழாய் என்னாச்சு?”

“குழாய் கெடக்கட்டும். உங்களப் பாக்கணும் போல இருக்குங்க.”

மறுமுனையில் இரும்போடு இரும்பு மோதும் ஓசை கேட்டது. அந்த ஓசைக்கு மேலாகக் குரலை உயர்த்தி, “அப்புறம்?” என்றார்.

“மொதல்ல, ரெண்டு தலகாணிக்கும் ஒறை மாத்துறேன். ஒண்ணு அழுக்காகவே மாட்டேங்குது. ரெண்டாவது, கதவத் தட்டுனா யாருன்னு கேக்காமயே எழுந்திரிக்கிறேன்.”

“பரீட்சையிலயும் இதையே எழுதிடு,” என்றார். “தப்பும் தவறுமா இருந்தாலும் பரவால்ல. கடைசியா?”

“கடைசியா... அந்தக் குழாய் இருக்கே—”

மணி அடித்தது.

தொலைபேசியைக் கையில் பிடித்தபடி நின்றாள். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம்.