ஈசாக்கின் கிணறும் எங்கள் தக்காளியும்

எதற்கெடுத்தாலும் பைபிளைத் திறந்து பார்க்கிற மனிதரோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு பெரிய பாடு என்று என் அம்மாவைக் கேட்டால் சொல்வாள். அப்பா கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, பைபிளை எங்கேயாவது ஓர் இடத்தில் திறப்பார். கட்டைவிரல் விழுந்த இடம்தான் அன்றைக்குக் கட்டளை. ஆட்டை விற்பதா வேண்டாமா, என்னைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்புவதா வேண்டாமா, எல்லாவற்றையும் அந்தக் கட்டைவிரல்தான் முடிவு செய்யும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது யோபு வந்து விழுந்தார். அவர் பட்ட பாட்டை அப்பா கண்கலங்கி வாசித்து முடிப்பதற்குள் அம்மா மொரப்பூர் போய் மாத்திரை வாங்கி வந்துவிட்டாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர் விஷயத்தில்தான் எங்களுக்கு வயிறு எரிந்தது. எங்களுக்கும் பக்கத்து நிலத்துக்காரரான சித்தப்பாவுக்கும் ஒரே கிணறு. ஒருநாள் அவர் முறை, மறுநாள் எங்கள் முறை. அப்பாவின் கூடப் பிறந்த தம்பிதான், பெங்களூரில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஆனால் எங்கள் முறையன்று கரண்ட் வந்ததும் வந்து வால்வைத் தன் பக்கம் திருப்பிவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துகொள்வார். யாராவது பார்ப்பார்களே என்ற கூச்சம்கூட இல்லை. எங்கள் தக்காளி பூவும் பிஞ்சுமாக வாடிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு இருந்த ஒரே நம்பிக்கை அதுதான்.

அம்மா போய் முறையிட்டால் அப்பா பைபிளைத் திறப்பார். ஒவ்வொரு தடவையும் ஈசாக்குதான் வருவார். ஈசாக்கின் ஆட்கள் தோண்டிய கிணற்றுக்கு மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்களாம். அவர் விட்டுக்கொடுத்துவிட்டு வேறு இடத்தில் தோண்டினாராம்.

"ஆண்டவரு தெளிவா சொல்றாரு புள்ள, வுட்டுக் குடுன்னு."

"ஈசாக்குக்கு என்னங்க, தோண்டுன எடத்துலெல்லாம் தண்ணி வந்துச்சு. நம்மூர்ல ஆயிரம் அடி போர் போட்டாலும் புழுதிதான பறக்குது?"

அப்பா பைபிளை மூடிவிடுவார். நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு அப்பா மீதும் கோபம், ஈசாக்கு மீதும் கோபம்.

ஒரே பக்கம் திரும்பத் திரும்ப வருவது கர்த்தரின் செயல் என்று அப்பா நம்பினார். அது பைண்டிங் செய்த வேலை என்பதை அம்மாதான் கண்டுபிடித்தாள். அடிக்கடி திறந்து திறந்து, அந்த இடத்தில் பைபிளின் முதுகு விட்டுப்போயிருந்தது. அப்பா ஒரு நிச்சயதார்த்தத்துக்காகச் சேலம் போய்த் தங்கிய சமயம் பார்த்து, அம்மா பைபிளோடு உட்கார்ந்து தேடினாள். தண்ணீர் திருடுகிறவனைப் பற்றி நேராக ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், அடுத்தவனுடைய எல்லைக்கல்லை நகர்த்துகிறவனுக்குச் சாபம் இருக்கும் பக்கம் கிடைத்தது.

"அடுத்தவன் பங்குல கைவெக்கிறவனுக்குத்தான இது? பொருந்தும்" என்றாள். அந்தப் பக்கத்தை அகல விரித்து, ஆண்டவரிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டு, அரிசி மூட்டையைத் தூக்கி மேலே வைத்தாள். நானும் ஒரு கை கொடுத்தேன்.

அப்பா ஊருக்குத் திரும்பியதும் அம்மா தண்ணீர்ப் பேச்சை எடுத்தாள். அப்பா கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத் திறந்தார். பைபிள் நாங்கள் சொல்லிவைத்தபடியே விரிந்தது. அந்தச் சாபத்தைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். மறுபடி மனதுக்குள் படிப்பது உதட்டில் தெரிந்தது. பிறகு எழுந்து, கடப்பாரையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒருவழியாக அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது! அம்மாதான் பயந்துபோய், "ஏங்க, கடப்பாரையெல்லாம் எதுக்குங்க? வாயில கேட்டாப் போதும், வூட்டுக்கு வாங்க" என்று பின்னாலேயே ஓடினாள்.

வரப்பில் உட்கார்ந்திருந்த சித்தப்பா கடப்பாரையைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அப்பா அவரைத் தாண்டிப் போய், இரண்டு நிலத்துக்கும் நடுவே இருந்த எல்லைக்கல்லின் அடியில் குத்தினார். கல்லைப் பெயர்த்து, புரட்டிப் புரட்டி, எங்கள் தக்காளிச் செடிகளை நசுக்கிக்கொண்டு எங்கள் நிலத்துக்குள்ளேயே கொண்டுவந்தார். நாலு சால் தள்ளிக் குழி தோண்ட ஆரம்பித்தார்.

"நீ பெங்களூர்ல இருந்தப்ப, தம்பி, இந்தக் கல்ல..." என்று தொடங்கினார்.

"தெரியும்ணா" என்றார் சித்தப்பா. "திரும்பி வந்த அன்னைக்கே தெரியும். நீயா வாயத் தொறப்பன்னுதான் பாத்துட்டே இருந்தேன்."

பீடியைக் கீழே போட்டுவிட்டு வந்து, கல் சாயாமல் பிடித்துக்கொண்டார். அப்பா மண்ணைத் தள்ளி மிதித்தார். மிதித்துக்கொண்டே அழுதார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தண்ணீர் கேட்கப் போனவர் நிலத்தையும் கொடுத்துவிட்டு நிற்கிறாரே! அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"கல்ல நகத்துனா சாபம்னு இப்பதான படிச்சாரு? அவரே நகத்துறாரு பாரும்மா! வேணாம்னு சொல்லும்மா!"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் அம்மா அவசரமாக என் வாயைப் பொத்தினாள். அப்பா செய்கிற பாவத்தைப் பார்த்து அவளும் பயந்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.