பரமலிங்கம் எந்தக் கந்தோருக்குரியவன்

என் தம்பி பரமலிங்கம் கட்டடங்களுக்குப் படம் கீறுபவன். சரவணை ஊரில் எங்கள் குடும்பத்தில் கொழும்புக் கம்பனி ஒன்றில் வேலை எடுத்த முதல் ஆள் அவன்தான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவனைப் பற்றி யாரும் கேட்டால் நிறுத்தாமல் சொல்வேன்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அவனுடைய வாடகை அறை எரிந்துபோனது. அகதிகளோடு கப்பலில் யாழ்ப்பாணம் வந்து இறங்கியவன், பக்கத்து ஊரான புளியங்கூடலில் மனைவி சறோஜினிதேவியின் சீதன வீட்டில் தங்கினான். கம்பனி அவனை விடவில்லை; அங்கிருந்தே கீறி அனுப்பச் சொன்னது. குசினிக்குப் பக்கத்து அறையில் பலகை போட்டுக் கீறுவான். படத்தைத் தண்ணீர்க் குழாய்த் துண்டுக்குள் சுருட்டி வைத்து, இரு முனையையும் மெழுகால் அடைத்துத் தபாலில் போடுவான். ஒரு படமும் நனைந்ததில்லை.

அடுத்த தை மாதத்தில் கம்பனி புதுக்கதை சொன்னது. இனி அவன் மாதச் சம்பளக்காரன் இல்லையாம். வரியைத் தானே கட்ட வேண்டுமாம். எந்த வரி அலுவலகம், எந்தக் கந்தோர், அவனைப் பதிந்திருக்கிறது என்பதற்குப் பங்குனி முடியுமுன் அத்தாட்சி வராவிட்டால், வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

வரி கட்டாமல் ஒளிந்து திரிபவர்களை நான் அறிவேன். கட்ட விடுங்கள் என்று கெஞ்சித் திரிந்தவன் என் தம்பிதான். கொழும்புக் கந்தோர், இருக்கும் இடத்தில் பதியச் சொல்லி எழுதியது. யாழ்ப்பாணப் பட்டணத்துக் கந்தோரில் கிளாக்கர் கேட்டார்:

"கம்பனி எங்கை?"

"கொழும்பிலை."

"பிறகேன் இஞ்சை வந்தனீர்?"

"நான் இருக்கிறது இஞ்சை. அவைதான் இஞ்சை போகச் சொன்னவை."

"அப்ப விதானையாரிட்டை வதிவிடக் கடிதம் வாங்கிக்கொண்டு வாரும்."

ஊருக்குப் பொறுப்பான அரச அலுவலர், புளியங்கூடல் விதானையார் கனகசபை, பேர் பதியும் இடாப்பைப் புரட்டினார். "வாக்காளர் இடாப்பிலை உம்மடை பேர் இல்லை. நீர் சரவணை ஊரார் எல்லோ?"

சரவணைக்குப் போனால், அங்குள்ள விதானையார் வல்லிபுரம் தலையாட்டினார். "பேர் இருக்குது, ஓம். ஆனால் நீர் இஞ்சை குடியிருக்கேல்லை. பொய் எழுத ஏலாது."

இருவரும் சட்டப்படிதான் பேசினார்கள். எங்கள் பக்கத்தில், ஆண்பிள்ளை கலியாணம் முடித்துச் சீதன வீட்டுக்குப் போனாலும் பெயர் பிறந்த வீட்டில்தான் நிற்கும். ஆண்டுதோறும் எங்களைப் பெற்ற ஐயா அப்படியே எழுதிக் கொடுத்தார். அவருக்குப் பிறகு நான் எழுதிக் கொடுத்தேன்.

மாசி முழுவதும் தம்பி சைக்கிளிலும் பஸ்சிலும் அலைந்தான். ஒரு நாள் கிளாக்கர் லீவு; மறுமுறை மேலதிகாரி கூட்டத்தில். கீறவேண்டிய படங்கள் பலகையில் அப்படியே கிடந்தன. என் வீட்டுக் கதிரையில் தொப்பென்று விழுந்தான்.

"அக்கா, கொழும்பிலை ஒருக்காத்தான் எரிச்சவங்கள். இவங்கள் ஒவ்வொரு நாளும் எரிக்கிறாங்கள்."

அடுத்த நாள் சறோஜினிதேவி தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"மச்சாள், இவர் சாப்பிடுறது என்ரை வீட்டிலை. அரசாங்கத்துக்கு மட்டும் இன்னும் உங்கடை வீட்டுப் பிள்ளை. நீங்கள் பேரை வெட்டுவிச்சால்தான் நான் சேர்க்கலாம்."

"வெட்டுறதோ? அதென்ன வேலியிலை நிக்கிற கதியால் தடியே? ஐயா தன்ரை கையாலை எழுதிக் குடுத்த பேர்!"

"நிக்கட்டும். வேலை போனால் அந்தப் பேரை அவிச்சோ தின்னுறது?"

தம்பி முற்றத்துக்கு இறங்கிச் சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தொடங்கினான். என் பக்கமும் நிற்கவில்லை, அவள் பக்கமும் நிற்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது. என்றாலும் சேலையை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

வல்லிபுரம் இடாப்பை விரித்துப் பேனையை எடுத்தார். நான் மேசையில் கிடந்த அளவுகோலை நகர்த்தி அவர் முன்னால் வைத்தேன்.

"என்ன பிள்ளை, ஒரு பேரை வெட்டவும் அளவுகோலோ?"

"ஓம். கோணலாய் வெட்டாதையுங்கோ. கீழை என்ரை பேர் கிடக்குது."

அங்கிருந்து நேரே கனகசபையிடம் போனோம். வீடு தன்னுடையது, கணவர் தன்னோடு இருக்கிறார் என்று சறோஜினிதேவி சொல்ல, அவர் ஒரு கதையும் இல்லாமல் பேரைச் சேர்த்துக் கடிதம் எழுதினார். பட்டணத்துக் கிளாக்கர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை முதலே கொண்டு வந்திருக்கலாமே" என்றாராம். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்ததாகச் சொன்னான்.

அத்தாட்சி பங்குனிக்குள் கம்பனிக்குப் போய்ச் சேர்ந்தது. கம்பனி அடுத்த வேலையை அனுப்பியது. அன்று தம்பி வரிப் படிவத்தோடு உட்கார்ந்தான். நிரந்தர முகவரி என்ற இடத்தில் சிறிது நிறுத்தி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, புளியங்கூடல் என்று எழுதினான். நான் எழுத்து எழுத்தாக வாசித்துப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை.