சப்பரம் நின்ற இடம்

எங்கள் தெருவில், பெரியப்பா வீட்டு வாசலுக்கு எதிரே இப்போது ஒரு சிமெண்டு மேடை இருக்கிறது. மாதா திருவிழாவன்று சப்பரம் அங்கே வந்ததும் இறக்கி வைப்பார்கள். மெழுகுவத்தி ஏற்றி ஒரு பாட்டுப் பாடிய பிறகுதான் மறுபடி தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவார்கள். போன வருஷம் புதிதாக வந்த சாமியார், பொழுது சாய்கிறதே, இந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டுப் பார்த்தார். இளவட்டங்கள் கொதித்துவிட்டார்கள். காலங்காலமாக மாதா நிற்கிற இடமாம். ஒரு திருவிழாவில் சப்பரம் இங்கே வந்தபோது யாராலும் தாங்க முடியாதபடி கனத்துப்போய், தான் நிற்க வேண்டிய இடத்தை மாதாவே காட்டிக்கொடுத்தாளாம். சாமியார் பாவம், தோத்திரம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

அந்தக் காலங்காலத்துக்கு என்னைவிட வயது குறைவு. மாதா அங்கே நின்ற முதல் திருவிழாவில் நானும் இருந்தேன். அப்போது இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. கோயிலிலிருந்து கடலுக்கு ஒரே தெரு. அதன் கடைசி வீடு எங்கள் வீடு, நடுவில் பெரியப்பா வீடு. ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கோ போக வேண்டுமானால் இந்தத் தெருவழியே கோயிலைத் தாண்டித்தான் தார்ரோட்டைப் பிடிக்க வேண்டும். சப்பரம் வரும்போது அதன் தண்டுகள் இரண்டு பக்கச் சுவரையும் உரசுகிற மாதிரி வரும். ஒரு கோழிகூடக் குறுக்கே போக முடியாது.

பெரியப்பா வல்லத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். மற்ற நாட்களில் அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். திருவிழாக் கொடி ஏறிவிட்டால் ஆள் மாறிவிடுவார். மன்றாட்டு மாலையில் ஒரு வரியை விட்டுவிட்டால் சாமியாரையே நிறுத்திக் கேட்பார். சப்பரத்தின் முன்தண்டு பிடிப்பது எங்கள் குடும்பத்தின் உரிமை, அதைப் பிடிப்பவர் அவர். தோளில் ஏறிய சப்பரத்தைக் கடல் தண்ணீரைக் காட்டாமல் கீழே வைக்கக் கூடாது, திருப்பவும் கூடாது. இதுதான் சட்டம். முத்துக்குளித்த காலத்தில் வந்த சட்டம் அது. கடலுக்கடியில் ஒருவன் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கும்போது தோணியில் நிற்பவன் அவனுடைய கயிற்றைக் கையிலிருந்து விடவே கூடாது. அதுபோல மாதாவைத் தூக்கியவர்கள் நடுவழியில் விட்டால் அந்த வருஷம் குளிக்கப் போனவன் மேலே வர மாட்டான் என்று நம்பினார்கள். முத்துக்குளிப்பு நின்றுபோய் வெகுகாலம் ஆயிற்று. கடலில் இப்போது துறைமுகத்துக்கு வரும் நிலக்கரிக் கப்பல்கள்தான் காத்துக் கிடக்கின்றன. சட்டம் மட்டும் கரையிலேயே இருந்துவிட்டது.

எனக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடிக்கும். வெயில் தணிந்து உப்பளத்துப் பக்கம் வானம் மஞ்சளாகும் நேரத்தில் சப்பரம் புறப்படும். மேளச் சத்தம் முதலில் வரும், பிறகு மல்லிகை வாசம், பிறகு மாதா. தூக்குகிறவர்கள் எல்லோரும் ஒரே தாளத்தில் காலெடுத்து வைப்பதால் அவள் மெதுவாக நடந்து வருவது போலவே இருக்கும். மாடியிலிருந்து உப்பும் மிளகும் எறிவார்கள். அது கல்மழை போலத் தலையில் விழும். பழைய பாட்டில் பாதிச் சொற்களுக்கு எனக்கு அர்த்தம் தெரியாது, ஆனாலும் கூடவே சத்தமாகப் பாடுவேன். மாதாவின் கண்ணாடிக் கண்கள் ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு வருவதாக நினைப்பேன். எங்கள் வீட்டைப் பார்க்கும்போது நான் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பேன். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக இன்றுவரை வேறொன்றும் எனக்கு வாய்க்கவில்லை.

திருவிழாவன்று பெரியம்மாவுக்கு மட்டும் தலைவலி வந்துவிடும். பெரிய இரும்புக் கேட்டைச் சாத்தி, சன்னலையும் அடைத்துவிட்டு உள்ளே படுத்துக்கொள்வாள். தெருவில் அந்த வீடு ஒன்றுதான் விளக்கில்லாமல் கிடக்கும். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மேளச் சத்தம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது போலும் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

அவளுக்குப் பிள்ளைகள் இல்லாததால் அந்த வீட்டில் என் ராஜாங்கம்தான். எதைக் கேட்டாலும் கொடுப்பாள். ஒரே ஒரு முறைதான் மறுத்தாள். அவள் பெட்டியை நான் குடைந்தபோது அடியில், அந்துருண்டை வாசத்தோடு, லேஸ் வைத்த வெள்ளைச் சட்டை ஒன்று அகப்பட்டது. என் பொம்மைக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கேட்டேன். அவள் முகம் எப்படியோ ஆகிவிட்டது. என் கையிலிருந்து வாங்கி, மடித்து வைத்துப் பெட்டியை மூடினாள். பிறகு முறுக்கு கொடுத்தாள். நான் வாங்காமல் வந்துவிட்டேன்.

அந்த வருஷம் அத்தை முதல் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. குழந்தை தலை திரும்பாமல் இருக்கிறது, வலி கண்டால் கொஞ்சமும் தாமதிக்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று நர்சு சொல்லியிருந்தார். இன்னும் நாள் இருக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். திருவிழாவன்று, சப்பரம் கோயிலை விட்டு இறங்கிய வெடிச் சத்தம் கேட்ட கொஞ்ச நேரத்தில் அத்தைக்குத் தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஆட்டோவில் அத்தையை ஏற்றி, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தாங்கிப் பிடித்துக்கொண்டாள். என்னை வீட்டில் விட்டுப் போக ஆள் இல்லை. டிரைவர் சீட்டில் ஒட்டிக்கொண்டேன். பெரியப்பா வீட்டருகே போனபோது எதிரே மாதா வந்துவிட்டாள்.

மேளம் நின்றது. கூட்டத்துக்கு விஷயம் புரிந்ததும் ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

“ஏலே, ஆட்டோவ பின்னால எடு. சப்பரம் கடக்கரைக்குப் போயிரட்டும்.”

“கொஞ்ச நேரந்தான. பொம்பளைங்கல்லாம் ஒரு செபமாலை சொல்லுங்க. மாதா பாத்துக்கிடுவா.”

அத்தை அழக்கூட இல்லை. அம்மாவின் சேலையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். முன்தண்டின் கீழே பெரியப்பா நின்றார். தன் தங்கையை நேராகப் பார்த்தார். அவர் முகத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. தோள் அசையவில்லை. இறக்கச் சொல்லவும் இல்லை, நடக்கச் சொல்லவும் இல்லை.

அப்போதுதான் அந்த இரும்புக் கேட்டு திறக்கிற சத்தம் கேட்டது. திருவிழாவன்று அது திறந்து நான் பார்த்ததே இல்லை. பெரியம்மா தலையை வாரி முடியாமல், செருப்பில்லாமல் வந்து சப்பரத்துக்கு முன்னால் நின்றாள்.

“எறக்குங்க,” என்றாள்.

யாரோ, “ஏளா, ஒனக்கென்ன கிறுக்கா? வழக்கம் தெரியாதா?” என்று சத்தம் போட்டார்கள்.

அவள் அந்த ஆள் பக்கம் திரும்பவில்லை. பெரியப்பாவைப் பார்த்துத்தான் பேசினாள். “கயித்த விடாமப் புடிச்சது எதுக்கு? கீழ ஒரு உசுரு கெடக்குன்னுதான? அந்த உசுரு இப்ப ஆட்டோவுல கெடக்கு. அன்னைக்கும் இதே வாசலத்தான் தாண்டிப் போனிய. எறக்குங்க.”

பெரியப்பாவின் முழங்கால் மடங்கியது. அவர் உட்கார்ந்தாரா, விழுந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. முன்பக்கம் தாழ்ந்ததும் மற்றவர்களும் வேறு வழியில்லாமல் தாழ்ந்தார்கள். சப்பரம் தெருமண்ணில் உட்கார்ந்தது. கூட்டத்தில் சில பெண்கள் ஓவென்று அழுதார்கள். தண்டுகளை உருவிவிட்டு, சப்பரத்தை மாதாவோடு அலாக்காகத் தூக்கி, பெரியம்மா திறந்துவைத்திருந்த கேட்டு வழியாக வீட்டு முற்றத்துக்குள் கொண்டுபோனார்கள். பெரியம்மா என்னை ஆட்டோவிலிருந்து இறக்கித் தன்னோடு இழுத்துக்கொண்டாள். வழி திறந்ததும் ஆட்டோ பறந்தது.

முற்றத்தில் காயப்போட்ட வலைகளுக்கு நடுவே மாதா நின்றாள். தோளில் இல்லாதபோது அவள் அவ்வளவு உயரமில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கிட்டத்தட்ட பெரியம்மா உயரம்தான். பெரியம்மா முழங்காலிடவில்லை, சிலுவை போடவில்லை. மாதாவின் முக்காட்டில் சிக்கியிருந்த மிளகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். சரிந்திருந்த மாலையை நேராக்கினாள்.

“இப்பதான் ஒனக்கு இந்த வீட்டுக்கு வழி தெரிஞ்சுதாக்கும்,” என்றாள்.

தாமதமாக வந்த விருந்தாளியை வேடிக்கையாகக் கோபித்துக்கொள்கிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். பெரியப்பா கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். சொந்த வீட்டுக்குள் வர யாரிடமோ அனுமதி கேட்பவர் போல நின்றார். பிறகு சப்பரத்தைத் தூக்கிக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். முன்தண்டை வேறொருவர் பிடித்தார். அதற்குப் பிறகு பெரியப்பா அதைத் தொடவே இல்லை. தப்புச் செய்ததால் அவரை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது போல நிறுத்திவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

அத்தைக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. அந்த வருஷம் கடலுக்குப் போன எல்லோரும் திரும்பி வந்தார்கள். சட்டத்தை மீறியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று ஊர் கொஞ்ச நாள் குழம்பியது. பிறகு, மீறியது மனிதர்கள் அல்ல, நின்றது மாதாதான் என்று கண்டுபிடித்து நிம்மதி அடைந்தது. அந்தக் கதையில் ஆட்டோ இல்லை, அத்தை இல்லை. பெரியம்மா அறவே இல்லை. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அடுத்த திருவிழாவிலிருந்து அவளுக்குத் தலைவலி வரவில்லை. கேட்டை அகலத் திறந்துவைத்து, வாசலில் விளக்கேற்றி நிற்பாள்.

நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, இதே போல ஒரு திருவிழா மாலையில் பெரியம்மாவுக்கு வலி கண்டதையும், சப்பரம் கடக்கட்டும் என்று பெண்கள் அந்தக் கேட்டுக்குப் பின்னால் செபமாலை சொல்லிக் காத்திருந்ததையும், பெரியப்பா விஷயம் தெரிந்தும் தோளை விலக்காமல் தன் வீட்டைக் கடந்து கடற்கரை வரை போனதையும், திரும்பி வந்தபோது குழந்தை இல்லை என்பதையும் அம்மா எனக்குச் சொன்னபோது நான் கல்யாணமாகி முழுகாமல் இருந்தேன். பெண் குழந்தையாம். ஞானஸ்நானத்துக்குச் சட்டைகூடத் தைத்து வைத்திருந்தார்களாம்.

இதெல்லாம் எனக்குத் தெரியாத அந்த வருஷத்தில், அத்தையின் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தபோது பெரியம்மாதான் ஞானத்தாய். மடியில் கிடந்த குழந்தை லேஸ் வைத்த அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தது. தலையில் தண்ணீர் ஊற்றியதும் அது வீறிட்டது. பெரியம்மா சிரித்தாள். கடைசி பெஞ்சில் இருந்த பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். நான் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கேட்டது நான்தானே, எனக்குக் கொடுக்காமல் நேற்றுப் பிறந்த இதற்குக் கொடுத்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்று முழுவதும் நான் பெரியம்மாவோடு பேசவில்லை.