படத்துப் பெண்ணுக்கு வைத்த பொட்டு

சின்ன வயதில் எனக்கு வெறும் நெற்றியைக் கண்டால் ஆகாது. பொம்மை, காலண்டரில் சிரிக்கும் பாப்பா, எதையும் பொட்டு வைக்காமல் விடமாட்டேன். சித்தியை மட்டும்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. அம்மாவின் தங்கையான அவள், வீட்டை எதிர்த்துக் கிறிஸ்தவரான சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு, ஞானஸ்நானம் பெற்று, பொட்டை விட்டிருந்தாள். ஊரில் யாரும் அவளோடு பேசுவதில்லை. நாங்களும் அவர்களும் இருந்த ஷார்ஜாவில் அந்தத் தடை இல்லை. வெள்ளிக்கிழமை அவர்கள் சர்ச்சிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து, முவைலாவில் இருந்த அவர்கள் ஃபிளாட் வாசலில் அப்பா எங்களை இறக்கிவிடுவார். அவர் மேலே வரமாட்டார். காரைக் கழுவ வேண்டும் என்பார். அவ்வளவு சுத்தமான கார் அன்றைக்கு அமீரகத்திலேயே இருந்திருக்காது.

எனக்கு ஏழு வயதான வருடம் சித்தியின் மாமியார் பாளையங்கோட்டையிலிருந்து விசிட் விசாவில் வந்தார். மகன் வீட்டில் மாட்டுவதற்கென்று துண்டில் சுற்றி ஒரு படம் கொண்டுவந்திருந்தார். நோட்டுப் புத்தக அளவு அட்டையில் எண்ணெய் வண்ணம். அவர்கள் முன்னோருக்கு நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு மிஷனரி அம்மா கொடுத்தது. பெரிய படம் வரைவதற்கு முன் ஒத்திகையாகப் போட்டுப் பார்த்ததாம். அதனால் சுவர், சிங்கக் கூண்டு எல்லாம் அவசரத் தீற்றல்கள். முழங்காலிட்டிருந்த பெண்ணின் முகம் மட்டும் முழுசாக இருந்தது.

"ரோமாபுரி ராஜா சிலைக்கு ஒரு சிட்டிகை சாம்பிராணி போடச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டா. சிங்கத்துக்கிட்ட விட்டுட்டாங்க" என்றாள் சித்தி.

"கொஞ்சம் போட்டிருந்தாதான் என்ன?" என்றேன். சித்தி படத்தைச் சோபாவுக்கு மேலே சுவரில் மாட்டினாள்.

எல்லோரும் சமையலறைப் பக்கம் போனதும் அம்மாவின் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தேன். சோபாவில் ஏறி நின்று, சாகப்போகிற அந்தப் பெண்ணுக்கு நல்ல சிவப்பில் ஒன்றை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தியும் விட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தாள்.

மாமியார்தான் முதலில் பார்த்தார். நகத்தால் உரித்தார். பொட்டோடு வண்ணமும் பெயர்ந்து வந்துவிட்டது. நெற்றி நடுவில் அட்டை தெரிந்தது.

"யாரு பாத்த வேலை இது?" என்று கேட்டவரின் கண் அம்மாவின் நெற்றிக்குப் போனது.

அம்மா வாயெடுப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டாள். "நான்தான் அத்தை ஒட்டுனேன்."

"மனசு இன்னும் அங்கனதான் கெடக்கு, என்ன?" என்று மட்டும் கேட்டார் மாமியார். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொட்டு அட்டையின் மேல் உட்கார்ந்திருந்தேன். தப்பித்தோம் என்ற நிம்மதியில் இரண்டு அச்சுமுறுக்கு தின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை வரவேண்டாம் என்று போன் வந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கும் அதே பதில். பிறகு அம்மா கேட்பதையே விட்டுவிட்டாள். சித்திக்கென்று அந்த நாட்டில் இருந்தது நாங்கள் மட்டும்தான்.

எனக்கு விழ வேண்டிய அடியைச் சித்தி வாங்கிக்கொண்டாள் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். நான் ஒட்டினேன் என்று சொல்லியிருந்தால் தலையில் ஒரு குட்டோடு முடிந்திருக்கும். மருமகள் ஒட்டினாள் என்றால் அது முடியவே முடியாது என்பது, பாவி, எனக்கு அப்போது தெரியவில்லை.