மூன்று கீற்றுப் புழு

என் சித்தப்பா மீது எனக்குள்ள ஆத்திரம் இன்னும் தீரவில்லை. தீர வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை. பெரிய மனசு பண்ணி மன்னித்துவிடு என்கிறவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போகலாம்.

நான் ஆராய்ச்சி செய்வது பிணத்தில் மொய்க்கும் பச்சை ஈக்களைப் பற்றி. செத்த உடம்பைத் தேடி முதலில் வருவது அந்த ஈதான். எந்த ஈ வந்தது, அதன் புழு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்தால், உயிர் எப்போது போனது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். பெரம்பலூரில் கல்லூரி ஆய்வகத்தில் ஆட்டு ஈரல் வைத்துப் புழு வளர்க்கிறேன். கங்கைகொண்ட சோழபுரத்து முந்திரித் தோப்பிலும் அரியலூர் சுண்ணாம்புக்கல் குழி ஓரத்திலும் அழுகின இறைச்சியைக் கட்டித் தொங்கவிட்டு ஈ பிடிக்கிறேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காருவதில்லை.

சித்தப்பாவுக்கு இது போதாதா? விசேஷ வீட்டில், பந்தியில் உட்கார்ந்துகொண்டே, "கடைய வச்சவன்தான் வேலையில்லாம ஈ ஓட்டுவான். எங்க அண்ணன் மவ ஈ ஓட்டுறதுக்குன்னே காலேஜுக்குப் போவுது" என்பார். பந்தியே சிரிக்கும். அப்பா இருந்தவரை இந்த வாய் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. அப்பா இறந்த வருஷமே எங்கள் வரப்பு ஒரு முழம் உள்ளே நகர்ந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

பாடாலூரிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். எங்கள் வயலை ஒட்டி அவர் மக்காச்சோளம் போட்டிருந்தார். காட்டுப்பன்றி வந்து கதிரை முறிக்கிறது என்று, வயலைச் சுற்றிக் கம்பி இழுத்து, மோட்டார் கொட்டகையிலிருந்து ராத்திரியில் கரண்ட் விட்டார். தப்பு என்று ஊருக்கே தெரியும். யாரும் மின்வாரியத்தில் எழுதிப் போடவில்லை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் அம்மாவின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. சனிக்கிழமை காலையில், ஓடைக்குள் வெட்டிப்போட்ட முள்ளுக்கு அடியில் செத்துக் கிடந்தது. யாரும் கேட்காமலே சித்தப்பா சாட்சி சொன்னார்.

"நேத்து பொழுது சாயறப்ப நான் பாத்தனே. அண்ணி வயல்ல எளஞ்சோளத்த மேஞ்சுகிட்டு நின்னுச்சு."

தண்ணீரில்லாமல் வாடிய இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம். எங்கள் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரியும். விஷம் தின்ற மாடு ஒரே ராத்திரியில் ஊதி நாறிப்போகும் என்றும் நம்புவார்கள். போதாக்குறைக்கு, வெள்ளிக்கிழமை காலையில் லைன்மேன் வழக்கம்போல் லைன் பார்க்க வந்தபோது சித்தப்பா வயலில் ஒரு கம்பிகூட இல்லை. மாடு அதற்குப் பிறகும் உயிரோடு இருந்ததென்றால் அவர் மேல் என்ன குற்றம்?

நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அம்மா அரிவாளோடு நின்று சோளத்தை அறுத்து எறிந்துகொண்டிருந்தாள். "என் கையாலயே வெஷத்த வெதச்சுக் கொன்னுட்டேன் பாப்பா" என்றாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

உச்சிவேளையில் ஓடைக்குள் இறங்கினேன். மாட்டின் கண்ணிலும் மூக்கிலும் கொழுத்த புழுக்கள். பச்சை ஈ வழக்கமாக முட்டையிடுவது அங்கேதான். ஆனால் முன்னங்காலில் முட்டிக்குக் கீழேயும் ஒரு கும்பல் நெளிந்துகொண்டிருந்தது. தோல் கிழியாத காலில் அந்த ஈ முட்டை வைக்காது. ரெண்டு இடத்திலும் புழு எடுத்து, பிளாஸ்கில் இருந்த வெந்நீரில் போட்டு, பிறகு ஸ்பிரிட் பாட்டிலில் அடைத்தேன். மூடியைத் திருகும்போதே சந்தோஷம் பொங்கியது. மாட்டிக்கொண்டார்.

சாயங்காலம் கால்நடை டாக்டர் வந்தார். வி.ஏ.ஓ.வும் ஊர்க்காரர்களும் ஓடைக்கரையில் நின்றார்கள். நான் தேனாகப் பேசினேன்.

"சித்தப்பா, நேத்து சாயங்காலம் மாட்ட உசுரோட பாத்தேன்னு சொன்னீங்கல்ல? அத சூடம் அணைச்சுச் சொல்லிருங்க. யாரும் பின்னால பேசக்கூடாது பாருங்க."

"எனக்கென்ன பயம்? கொண்டா" என்றார். வெற்றிலையில் சூடம் ஏற்றினார்கள். உள்ளங்கையால் அமுக்கி அணைத்து, வெள்ளிக்கிழமை பொழுது சாயறப்ப பார்த்தேன் என்று சத்தியம் செய்தார். அதுவரை பொறுத்திருந்தேன். அவர் தப்பித்துப் போக ஒரு சந்துகூட வைக்கக்கூடாது என்பதுதான் என் எண்ணம்.

பிறகு பாட்டிலைத் திறந்து ஒரு புழுவை எடுத்து டாக்டரிடம் லென்ஸைக் கொடுத்தேன்.

"சார், பின்பக்கம் மூச்சுவிடுற எடத்துல எத்தனை கீத்து இருக்குன்னு பாருங்க."

"மூணு" என்றார்.

"புழு ரெண்டு தடவ சட்டை உரிச்சாத்தான் மூணு கீத்து வரும். இந்த ஈ இருட்டுல முட்டை வைக்கிறது அபூர்வம் சார். நேத்து பொழுது சாஞ்சு செத்த மாடுன்னா, இன்னைக்கு மத்தியானம் முட்டைதான் இருந்துருக்கணும். மிஞ்சிப்போனா நூல் மாதிரி குஞ்சுப்புழு. இது மூணு நாள் கத. மாடு காணாமப்போன ராத்திரியே செத்துருச்சு."

டாக்டர் முன்னங்காலைக் கழுவச் சொன்னார். புழுக்கள் உதிர்ந்ததும், கம்பி பட்டுக் கருகிய கோடு சதை வரைக்கும் தெரிந்தது.

சித்தப்பாவின் முகம் செத்துப்போனது. நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். இத்தனை வருஷம் பந்தியில் சிரித்தவர்களும் பார்க்கட்டும் என்று நகர்ந்து வழிவிட்டேன். அப்போதும் அவர் விடவில்லை.

"புழு சொல்லுச்சு, பூச்சி சொல்லுச்சுன்னு மனுசன் மேல பழி போடுவியா? எங்க வயல்ல ஏது கம்பி? லைன்மேனக் கேளு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் ஆளிடம் இன்னும் என்ன காட்டுவது? போலீசுக்குப் போகலாம் என்று நான் கத்தத் தொடங்கினேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அவர் எதிரில் போய் நின்றாள். திட்டப்போகிறாள், மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

"ஏன் தம்பி," என்றாள். "ரொம்ப நேரம் துடிச்சுதா?"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லண்ணி. பட்டதுமே விழுந்துருச்சு."

டாக்டர் பேனாவைத் திறந்தார்.