செண்டிப்பூ போட்ட வழி

அப்பா குவைத்திலிருந்து அனுப்பிய பணத்தில்தான் திருவரங்குளம் பக்கத்தில் எங்கள் புது வீடு எழும்பியது. தளம் போடுவதற்குள் அவர் அங்கேயே இறந்துபோனார். உடல் வந்த வண்டி தெருக்கோடியில் இருக்கும் பழைய ஓட்டு வீட்டு வாசலில் நின்றது; அங்கிருந்து நேரே சுடுகாடு. புது வீட்டுக்குள் அவர் கால் வைத்ததே இல்லை.

வருஷப் படையலைப் புது வீட்டில் வைக்கலாம் என்றேன். பழைய வீட்டில் ஓடு சரிந்து விளக்கு வைக்கக்கூட இடமில்லை. அம்மாவுக்கு மனசே இல்லை.

"அவருக்கு இந்த வீடு தெரியாதுடா. பழைய வீட்டுக்குப் போயி, பூட்டிக் கெடக்குன்னு பசியோட திரும்பிருவாரு."

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். கேட்டரிங் முடித்துக் கப்பல் சமையலறையில் வேலை. அங்கே என்னோடு ரொட்டி சுடும் மெக்சிகோக்காரருக்கு நவம்பர் பிறந்தால் கை நிற்காது. இறந்தவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும் நாள். ஸ்பெயின்காரர்கள் வந்து அவர்கள் ஊரைப் பிடிப்பதற்கு முன்பே இருந்த வழக்கமாம். பிறகு சர்ச்சின் கல்லறைத் திருநாளோடு சேர்ந்துகொண்டது, படையல் மட்டும் நிற்கவில்லை. ஆரஞ்சுத்தோல் மணக்கும் ரொட்டியின் மேல் மாவை எலும்பு மாதிரி உருட்டி வைத்துச் சுட்டு, சர்க்கரை தூவுவார். வாசல்வரை செண்டிப்பூ இதழ் போடுவார்களாம், இறந்தவர்கள் அந்த வாசம் பிடித்து வந்துவிடுவார்களாம். செண்டியும், நம் குழம்பில் போடும் மிளகாயும் அவர்கள் பக்கத்திலிருந்து வந்தவைதான்.

படையலன்று அம்மா அப்பாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். நான் கீரமங்கலத்தில் வாங்கிய செண்டிப்பூவை உதிர்த்து, பழைய வீட்டிலிருந்து எங்கள் கேட் வரைக்கும் தெருவில் போட்டு முடித்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். எங்கள் பக்கம் தெருவில் பூ கிடந்தால் பாடை போயிருக்கிறது என்று அர்த்தம். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சத்தம் கேட்டு அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"அடியே, நீ இருக்கியா! ஒன்னய நெனச்சுல்ல அழுதுக்கிட்டு வாரேன்."

"இன்னும் போகலக்கா. கொழம்பு கொதிக்குது." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "என்னடா இது, நல்ல நாளும் அதுவுமா?"

"அந்த ஊருல இது போற வழி இல்லம்மா, வார வழி. அப்பா பழைய வீட்டுக்குத்தான வருவாரு? அங்கேருந்து போட்டிருக்கேன்."

"கப்பல்ல இதத்தான் படிச்சியா?" என்றார் பெரியம்மா.

அம்மா சிரிக்கவில்லை. தெருவின் அந்தக் கோடிவரை பார்த்துக்கொண்டே நின்றாள். கரண்டியைப் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டு, என்னிடம் மிச்சப் பூ இருந்த பையை வாங்கினாள். நான் கேட்டோடு நிறுத்தியிருந்தேன். அவள் குனிந்து குனிந்து முற்றத்தில் போட்டாள், படியில் போட்டாள். நிலைப்படியில் நிமிர்ந்து, தெருவைப் பார்த்துச் சொன்னாள்:

"இங்கிட்டு வாங்க. படி கொஞ்சம் ஒசரம், பாத்து."